350 கிலோமீட்டர்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, 2013-லேர்ந்து சிங்கப்பூர்ல இருக்கீங்க. வெளிநாட்டு அனுபவம்னு இருபது நிமிஷம் பேசுங்க. மாணவர்களுக்குப் பயனுள்ளதா இருக்கணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். என் வெளிநாட்டு அனுபவம் என்பது பெரும்பாலும் பூமிக்கடியில், தலைக்கவசத்தோடு, சுரங்கப்பாதைச் சுவரில் எங்கே ஈரம் கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. அதை இருபது நிமிடம் சொன்னால் முன் வரிசையும் தூங்கிவிடும். ஆகவே ஒரே ஒரு வார இறுதியைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, ஞாயிறு இரவு திரும்பிய பயணம். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர். தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சென்னையிலிருந்து திருச்சியைக் கொஞ்சம் தாண்டிய தூரம்.

அந்த ஊரில் என் விடுதி அறைத் தோழன் 2015 முதல் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கல்லூரியில் அவனைத் 'தியோடலைட்' என்று கூப்பிடுவோம். நீண்ட கழுத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் கொண்டு பார்ப்பான். சிவில் துறையினருக்கு விளக்கம் தேவையில்லை. மற்ற துறையினர் பக்கத்தில் உள்ளவர்களைக் கேட்டுக் கொள்ளவும். அவனைப் பார்க்க 2024 பிப்ரவரியில்தான் போனேன். ஒன்பது வருடம், 350 கிலோமீட்டர். நடந்திருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஏன் போகவில்லை? கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தேன். "விசா எடுக்கணும், லீவு கிடைக்கலை." 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசிய அரசு அறிவித்துவிட்டது. சாக்கும் போய்விட்டது. உண்மைக் காரணத்தை இந்த உரையின் நடுவில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பேருந்து. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். 1924-இல் முறைப்படி திறந்தார்கள். பாலம் என்றதும் தூண்களும் வளைவுகளும் நினைவுக்கு வரும். இது அப்படி அல்ல. கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. அதன் மேல் சாலை, தண்டவாளம், தண்ணீர்க் குழாய் எல்லாம் போகின்றன. நூறு வயதான அந்தக் கரையைக் கடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் நம்ம ஊர்ப் பொங்கல் நேரத்துப் பேருந்து நிலையம் தோற்றுவிடும். சிங்கப்பூர்ப் பக்கம் இறங்கி முத்திரை வாங்க வேண்டும். மறுபடி ஏறி, கரையைத் தாண்டி, ஜொகூர்ப் பக்கம் மூட்டை முடிச்சோடு மறுபடி இறங்க வேண்டும்.

அங்கேதான் மாட்டினேன். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும் என்பது விதி. விசா வேண்டாம் என்ற செய்தியைப் பத்து முறை படித்த நான், அதற்குக் கீழே இருந்ததைப் படிக்கவில்லை. வினாத்தாளில் 'எவையேனும் ஐந்து' என்பதைப் படிக்காமல் எட்டுக்கும் விடை எழுதிய பழக்கம் இன்னும் போகவில்லை. ஓரமாக நின்று கைப்பேசியில் படிவத்தை நிரப்பி, மறுபடி வரிசையில் நின்று வெளியே வந்தால், பேருந்து போய்விட்டது. அதன் மேல் தப்பில்லை, நாற்பது பேரை எவ்வளவு நேரம் காக்க வைக்கும்? வேறு பேருந்து பிடித்துக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தபோது அதிகாலை மூன்றரை.

மூன்றரை மணிக்கு அவன் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு மணியிலிருந்து நிற்கிறானாம். பதினாலு வருடத்தில் கழுத்து அப்படியே இருந்தது, முடிதான் போயிருந்தது. "வாடா" என்றான். அவ்வளவுதான். கட்டிப் பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டான். "கார் எங்கடா?" என்றேன். குழுவில் அந்தக் கார்ப் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். "சர்வீஸ்ல கிடக்கு" என்றான்.

அவன் குடியிருப்பு பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில். பெயரே சொல்லும், ஒரு காலத்தில் செங்கற்சூளைகள் இருந்த இடம். 1881-இல் அந்த ஊர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. அதன் பிறகு கூரை வீடு வேண்டாம், செங்கல் வீடு கட்டுங்கள் என்று வெள்ளைக்கார அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம் வற்புறுத்த, சூளைகள் பெருகின. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வே வேலைக்கு நம் தமிழர்கள் வந்தார்கள். காலையில் மாடியிலிருந்து இறங்கினால் பூக்கட்டும் அம்மா, தோசைக்கல் சத்தம். கீழ் வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி பசியாறியாச்சா?" என்றார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்கிறார்கள். நாம் 'டிஃபன்' என்று சொல்லித் தொலைத்துவிட்ட வார்த்தை அங்கே பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை எங்களோடு 'செட்டிநாடு' சேர்ந்து கொண்டான். இவனும் நம் வகுப்புத்தான். கிள்ளானில் இருக்கிறான், நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் நேரில் பார்த்தே ஒரு வருடம் ஆகிவிட்டதாம். அவன் காரில் மூன்று பேரும் கிளம்பினோம்.

மூன்று பொறியாளர்கள் ஊர் சுற்றினால் எப்படி இருக்கும்? மற்றவர்கள் பெட்ரோனாஸ் கோபுரத்தைத் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். நாங்கள் குனிந்து அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசினோம். 452 மீட்டர், 88 மாடி, 1998-இல் முடிந்தது. அப்போது உலகிலேயே உயரம். மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அந்த ஊரின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் பட்டுப் பட்டு அரித்து, உள்ளே குகையும் பள்ளமுமாக இருக்கும் பாறை. முதலில் குறித்த இடத்தில் தோண்டிப் பார்த்தால் ஒரு பக்கம் பாறை மேலேயே இருக்கிறது, இன்னொரு பக்கம் எங்கோ ஆழத்தில். பாதிக் கட்டடம் பாறையில், பாதி மண்ணில் நின்றால் சீரில்லாமல் அமிழும். அதனால் கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள். முழுவதும் மண் ஆழமாக இருக்கும் இடத்துக்குப் போய், 100 மீட்டருக்கும் மேல் ஆழம் வரை ஊன்றினார்கள். அதன் மேல் நாலரை மீட்டர் கனத்தில் கான்கிரீட் மேடை. ஒரு கோபுரத்தின் மேடைக்குக் கான்கிரீட் போட்டது மட்டும் இடைவிடாமல் 54 மணி நேரம். நாம் வீட்டு மொட்டை மாடித் தளம் போடும் நாளில் டீ, வடை வாங்கிக் கொடுத்தே களைத்துப் போகிறோம்!

41, 42-ஆம் மாடிகளில் இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் பாலம் இருக்கிறதே, அதைக் கோபுரங்களோடு இறுகப் பிணைக்கவில்லை. காற்றில் இரண்டும் தனித்தனியாக ஆடும். இறுகப் பிடித்தால் பாலம் பிய்ந்துவிடும். அதனால் நகர்ந்து கொடுக்கும்படி விட்டிருக்கிறார்கள். தியோடலைட் இதை விளக்கிக் கொண்டிருந்தபோது வகுப்பில் எனக்குக் கடைசி நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த அதே குரல். எனக்கு அதற்கு மேல் கோபுரத்தில் கவனம் போகவில்லை.

மத்தியானம் மழை. அந்த ஊர் மழை சொல்லிக் கொண்டு வராது. குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் பிறந்த ஊர் அது. கோலாலம்பூர் என்றாலே சேற்றுச் சங்கமம் என்று பொருள். வெள்ளம் அதன் கூடப் பிறந்தது. அதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை, என் தொழிலே சுரங்கம் ஆயிற்றே. 'ஸ்மார்ட்' சுரங்கப்பாதை, 2007-இல் திறந்தது. வெள்ளநீர் போக 9.7 கிலோமீட்டர். அதில் நடுவில் சுமார் 3 கிலோமீட்டருக்கு உள்ளே இரண்டு அடுக்குச் சாலை. சாதாரண நாளில் கார்கள் போகும். மிதமான மழை என்றால் சாலைக்குக் கீழே உள்ள பகுதியில் தண்ணீர் போகும், மேலே கார்களும் போகும். பெருமழை என்றால் கார்களை வெளியேற்றி, கதவுகளை அடைத்து, சாலை உட்பட முழுச் சுரங்கத்தையும் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். வடிந்த பிறகு கழுவி மறுபடி கார். சென்னையில் 2015 டிசம்பரை அனுபவித்தவர்களுக்கு இதைக் கேட்டால் பெருமூச்சு வரும். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாத சாலை. செட்டிநாட்டின் கார் புண்ணியத்தில் போய் வந்தேன்.

இப்போது அந்த உண்மைக் காரணம்.

2009 அக்டோபர், ஏழாம் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அப்பா மருத்துவமனையில் இருந்தார். மெஸ் பாக்கியும் சேர்த்து எனக்கு 4,650 ரூபாய் வேண்டும். கையில் முந்நூறு சொச்சம். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. சாயங்காலம் அலுவலகத்துக்குப் போனபோது குமாஸ்தா, "உங்களுது கட்டியாச்சே தம்பி" என்றார். தியோடலைட் கட்டியிருந்தான். கைப்பேசி வாங்க ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பணம். "வேலைக்குப் போய்க் கொடுடா" என்றான்.

வேலைக்குப் போனேன். முதல் சம்பளத்தில் வீட்டுக் கடன், இரண்டாவதில் தங்கை காலேஜ். ஆறு மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்றபோது ஆறு மாதம் கழித்துக் கொடுக்கிறோமே என்று கூச்சம். ஒரு வருடம் ஆனதும் கூச்சம் இன்னும் பெரிதாகிவிட்டது. பிறகு என்னால் 4,650 ரூபாயை ஒரு வேளைச் சாப்பாட்டில் செலவழிக்க முடிந்தது; அவனுக்கு அனுப்ப மட்டும் முடியவில்லை. ஏன் இத்தனை நாள் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? அதனால் போன் பேசுவதைக் குறைத்தேன். அவன் பையன் பிறந்தபோது குழுவில் ஒரு வாழ்த்து. அவன் அப்பா இறந்தபோது ஒரு வருத்தம். அவன் நான்கு முறை "சும்மா வாடா" என்று கூப்பிட்டான். நான்கு முறையும் விசா, லீவு.

பொறியாளர் புத்தி, கணக்குப் போட்டேன். எட்டு சதவீதக் கூட்டு வட்டியில் 2024 பிப்ரவரிக்கு ஏறத்தாழ பதினாலாயிரம் ரூபாய். அன்றைய மாற்று விலையில் 800 வெள்ளி. ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஓர் உறையில் போட்டுச் சனிக்கிழமை இரவு, செட்டிநாடு கிளம்பிய பிறகு, மொட்டை மாடியில் நீட்டினேன். "என்னடா இது?" என்றான். சொன்னேன்.

இந்த மாதிரிக் கதைகளில் நண்பன், "அட, நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன்டா" என்று உறையைத் திருப்பிக் கொடுப்பான். இவன் கொடுக்கவில்லை. பிரித்தான், எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். சட்டைப் பையில் வைத்துக் கொண்டான். "வட்டியும் வேணும்டா, இந்த மாசம்" என்றான்.

ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை. கட்டுமானம் பாதியில் நின்றுவிட்டது. அவன் வேலை அனுமதி அந்த நிறுவனத்தின் பேரில் என்பதால் சட்டென்று விட்டு விலகவும் முடியவில்லை. கார் விற்றாகிவிட்டது. தங்கச்சியின் வளையல்கள் போய் மூன்று மாதம். பையன் பள்ளிக் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி. "செட்டிநாட்டுக்கிட்ட சொல்லலையாடா? நாப்பது கிலோமீட்டர்ல இருக்கான்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "பணத்தை நீ தரலைன்னு ஒரு நாளும் நினைக்கலைடா. நீ ஏன் வரலைன்னுதான் நினைச்சேன். நான் ஏதோ தப்பா பேசிட்டேனோன்னு அவகிட்டகூட கேட்டேன்."

பதினாலு வருடமாக நான் அவனுக்குப் பணம் பாக்கி என்று நினைத்திருந்தேன். அவனோ தன் பக்கம் தப்பைத் தேடிக் கொண்டிருந்திருக்கிறான்.

ஞாயிறு காலை கொம்யூட்டர் ரயிலில் பத்துமலை போனோம். பையனும் வந்தான். 2006-இல் எழுப்பிய 42.7 மீட்டர் முருகன் சிலை, 272 படி. கோபுரத்துக்கு அடியில் ஆழத்தில் ஒளிந்திருக்கும் அதே சுண்ணாம்புப் பாறை இங்கே மலையாக எழுந்து நிற்கிறது. பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது செட்டிநாட்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னோம். அவன் முதல் ஐந்து நிமிடம் திட்டினான். அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் பெயரைச் சொன்னான், எங்கெங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று.

திரும்பி வந்தபோது கீழ் வீட்டுப் பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பேராக் மாநிலத்தில் தோட்டத்தில் பிறந்தவர், பால் மரம் வெட்டியவர். நான் பேருந்தில் வரும் வழியெல்லாம் செம்பனையாகவே இருந்ததே என்றேன். "அப்ப எல்லாம் கித்தா மரம் தம்பி" என்று ஆரம்பித்தார். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போயிற்று. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், நீங்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குங்கள் என்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நாள் கூலிக்காரர்கள் சிறு சிறு தவணையாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். "நானும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கட்டுனேன் தம்பி. ஒருத்தனா கட்டுனா ஒரு மரங்கூட வாங்க முடியாதே" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸின் முக்கியத் தெருவுக்கு இன்று சம்பந்தன் பெயர்தான். அந்தத் தெருவில்தான் நாங்கள் இரண்டு நாளாகத் தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம்.

கதையை முடித்துவிடுகிறேன். அந்த நான்கு பெயரில் மூன்று பலிக்கவில்லை. நான்காவது பலித்தது. 2024 ஆகஸ்டில் ஜொகூர் பாருவில் தியோடலைட் வேலையில் சேர்ந்தான். பழைய சம்பளப் பாக்கியில் பாதி வந்தது, மீதி வரவில்லை. வளையல்களில் இரண்டு திரும்பின. இப்போது அவனுக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு கிலோமீட்டர்க் கரைதான். மாதம் ஒரு முறையாவது கடக்கிறோம். படிவத்தை நிரப்பிவிட்டுத்தான் போகிறேன். இன்று அவன் வரவில்லை, தளம் போடும் நாள். இந்த உரையைப் படித்துக் காட்டி அனுமதி வாங்கினேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "நான் ரெண்டு தடவை எண்ணினேன்னு சொல்லணும்." சொல்லிவிட்டேன்.

தம்பி தங்கைகளே, இந்த அரங்கில் இப்போதும் தேர்வுக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று யோசித்துக் கொண்டு ஒருவராவது உட்கார்ந்திருப்பீர்கள். நான் உட்கார்ந்திருந்த வரிசை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரு தியோடலைட் கிடைக்க மாட்டான். ஆகவே மதியப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். தேர்வுக் கட்டணத்துக்கும் விடுதிப் பாக்கிக்கும் ஒரு சிறு நிதி. உறுப்பினர் ஒருவருக்கு மாதம் நூறு ரூபாய். வாங்கும் மாணவர் பெயர் ஒரே ஒரு பேராசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மேடை வேண்டாம், புகைப்படம் வேண்டாம், கல்வெட்டு வேண்டவே வேண்டாம். வேலைக்குப் போனதும் வட்டியில்லாமல் நிதிக்கே திருப்பித் தரலாம். தாமதமானால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் அனுபவத்தில் எழுதினேன். முதல் தவணையாக 4,650 ரூபாயைப் பொருளாளரிடம் காலையிலேயே கட்டிவிட்டேன். ரசீது சட்டைப் பையில் இருக்கிறது.

முன்னாள் மாணவர்களே, உங்களிடம் நூறு ரூபாயோடு இன்னொன்றும் கேட்கிறேன். மலரின் கடைசிப் பக்கங்களில் முகவரிப் பட்டியல் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் அதைப் புரட்டி, வெகுநாளாக எந்தச் சத்தமும் இல்லாத ஒரு பெயரைத் தேடுங்கள். கூப்பிடுங்கள். அவர் "கார் சர்வீஸ்ல கிடக்கு" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். முடிந்தால் நேரில் போங்கள்.